பிரேக் எங்கே இருக்கிறது?

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் முதல்முறையாகப் போட்டியாக வந்தபோது, சித்தப்பா ஊரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். மன்னார்குடிப் பக்கம் 1990களில் கோயில் திருவிழா மேடை ஏறி ஆடிய பையன்களில் அவரும் ஒருவர். மினுங்கும் சட்டை, தொளதொள பேண்ட், ஒரு கையில் மட்டும் வெள்ளைக் கையுறை என்று அவர் நிற்கிற போட்டோ இன்னமும் அவர் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. டிவியில் பிரேக்கிங் என்று போட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜப்பான் பெண் ஒருத்தி கைகளை ஊன்றிக் கால்களைச் சுழற்றினாள். லிதுவேனியாப் பெண் ஒருத்தி தரையோடு தரையாகப் புரண்டு, சட்டென்று தலைகீழாக உறைந்து நின்றாள். கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தார். "சரி, இதெல்லாம் ஜிம்னாஸ்டிக்ஸ். பிரேக் டான்ஸ் எப்படா வரும்?" என்றார்.

இதுதான் சித்தப்பா பிரேக் டான்ஸ் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எழுந்து நின்று காட்டினார். வலக்கை விரல் நுனியில் ஓர் அலை கிளம்பி, மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஏறி, கழுத்தைக் கடந்து இடக்கை விரலில் போய் முடிந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய உடம்பு. ஆனாலும் மூட்டு மூட்டாக அது சுத்தமாக நின்று நகர்ந்தது. "ஒவ்வொரு மூட்டையும் ஒடிச்சு ஒடிச்சு ஆடணும். அதனாலதான் அதுக்கு பிரேக்னு பேரு" என்றார். அப்புறம் கொஞ்சம் கோபமாகவே, "இவங்க ஆடுறதுதான் பிரேக் டான்ஸ்னா, நாங்க ஆடினதுக்குப் பேரு என்னடா?" என்று கேட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்விதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதால் தீர்கிற கேள்வி இல்லை. தமிழ்நாட்டில் நாற்பது ஆண்டுகளாக லட்சக்கணக்கானவர்கள் ஒரு பெயரைச் சொல்லி ஓர் ஆட்டத்தை ஆடியிருக்கிறார்கள். அதே பெயரைச் சொல்லி உலகம் வேறோர் ஆட்டத்துக்குத் தங்கப் பதக்கம் கொடுக்கிறது. நடுவில் எங்கோ ஒரு கை மாறாட்டம் நடந்திருக்க வேண்டும். அது எங்கே நடந்தது, யார் செய்தது என்பது அன்றிலிருந்து மனதில் ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது.

பாட்டு ஒதுங்கிக்கொள்ளும் இடம்

சித்தப்பா சொன்ன ‘ஒடிப்பது’ என்ற விளக்கம் நம்மூரில் மட்டும் உள்ளதில்லை. அமெரிக்காவிலேயே எலும்பு முறிவதோடு முடிச்சுப் போட்டு அதைப் புரிந்துகொண்டவர்கள் உண்டு. ஆனால் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் அந்தப் பெயர் கிளம்பியபோது உடம்போடு அதற்குச் சம்பந்தமே இல்லை. பிரேக் என்பது இசைத்தட்டில் ஓர் இடம். 1960களின் கடைசி, 1970களின் தொடக்கத்தில் வந்த ஃபங்க், சோல் பாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாடகர் உயிரைக் கொடுத்துப் பாடுவார், ஹார்ன்கள் முழங்கும், கிதார் சுருக் சுருக்கென்று கூடவே ஓடும். திடீரென்று அத்தனையும் விலகிவிடும். டிரம்ஸ் மட்டும் மிஞ்சும். மிஞ்சிப்போனால் ஒரு பேஸ் கிதார், ஒரு காங்கோ மேளம். சில வினாடிகள்தான், பிறகு எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள். அந்த இடைவெளிக்கு இசைக்காரர்கள் ஜாஸ் காலத்திலிருந்தே பிரேக் என்றுதான் சொல்லி வந்தார்கள்.

கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் இதைத் தனி ஆவர்த்தனம் போல என்று வைத்துக்கொள்ளலாம். என்ன, நம் சபாக்களில் தனி தொடங்கியதும் பாதிக் கூட்டம் கேண்டீனுக்குக் கிளம்பும். பிராங்க்ஸில் கதை நேர்மாறு. தனிக்காக மட்டுமே காத்திருந்த ஒரு கூட்டம் அங்கே இருந்தது. பாட்டு ஓடும்வரை சுவரோரம் சாய்ந்து நிற்கும். டிரம்ஸ் மட்டும் மிஞ்சும் அந்த வினாடியில் நடுவில் பாய்ந்து தன்னிடம் இருக்கிற அத்தனையையும் கொட்டிவிட்டு, ஹார்ன் திரும்பியதும் சுவரோரம் போய்விடும்.

எவ்வளவு சின்ன இடம் அது என்பதற்கு ஓர் உதாரணம். வின்ஸ்டன்ஸ் என்ற குழு 1969இல் ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்தை நிரப்பப் பதிவு செய்த ‘ஆமென், பிரதர்’ என்ற உருப்படியில் டிரம்மர் கிரெகரி கோல்மன் தனியாக வாசிப்பது ஏழு வினாடி இருந்தால் அதிகம். பின்னாளில் சாம்ப்ளர் கருவி வந்தபின் உலகத்திலேயே அதிகம் வெட்டி ஒட்டப்பட்ட டிரம்ஸ் துண்டுகளில் ஒன்றாக அது ஆனது. அதற்கு ராயல்டி என்று ஒரு காசு பார்க்காமலே கோல்மன் 2006இல் இறந்துபோனார். பிரேக்கின் வரலாற்றில் டிரம்மர்களுக்கு நடந்தது தனியாக எழுத வேண்டிய அநியாயம். இங்கே நம் கவலை அந்த ஏழு வினாடியில் ஆடியவர்களைப் பற்றி.

கவனித்தவன்

கிளைவ் கேம்பெல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, 12 வயதில் குடும்பத்தோடு நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக்கு வந்தவர். ஆள் வாட்டசாட்டமானவர், அதனால் ஹெர்குலஸ் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அது சுருங்கி, டிஜே கூல் ஹெர்க் ஆனது. 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொழுதுபோக்கு அறையில் அவர் தங்கை சிண்டி ஒரு பார்ட்டி வைத்தார். பள்ளி திறக்கப்போகிறது, புதுத் துணி எடுக்கக் காசு வேண்டும், அதற்காக. பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். அழைப்பை அட்டைகளில் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பாட்டுப் போட்டவர் அண்ணன்.

ஹிப்-ஹாப்பின் பிறந்தநாள் என்று உலகம் கொண்டாடுகிற தேதி இதுதான். 2023இல் அதன் ஐம்பதாம் ஆண்டை அமர்க்களமாகக் கொண்டாடினார்கள். எனக்கு இந்தத் தேதியின் மேல் பெரிய மோகம் இல்லை. ஒரு கலை ஒரே ராத்திரியில், அதுவும் முகவரியோடு பிறக்கும் என்று நம்புவது கொஞ்சம் கஷ்டம். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் காலக்கட்டத்தில் ஹெர்க் செய்த வேறொரு காரியம், அதற்குத் தேதி கிடையாது. பிற்காலப் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, அது முடியக் காத்துக்கொண்டு, சிகரெட் பிடித்தபடி கூட்டத்தை வேடிக்கை பார்ப்பாராம். பார்த்ததில் ஒன்று பிடிபட்டது: ஆடுகிறவர்கள் பாட்டுக்காகக் காத்திருக்கவில்லை, பாட்டின் ஒரு குறிப்பிட்ட பகுதிக்காகக் காத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் நான் திரும்பத் திரும்ப நிற்கிறேன். ஒரு டிஜேக்குத் தன் தட்டுகளின் மேல்தான் கண் இருக்கும். அடுத்து எதைப் போடலாம், எதற்குக் கைதட்டு விழும் என்றுதான் யோசிப்பார். ஹெர்க் கால்களைப் பார்த்தார். எந்த வினாடியில் யார் நடுவில் இறங்குகிறார்கள், எந்த வினாடியில் விலகுகிறார்கள் என்று பார்த்தார். பார்த்த பிறகு அவர் செய்தது சொன்னால் எளிது. மற்ற பகுதியெல்லாம் எதற்கு, அவர்களுக்கு வேண்டியதை மட்டும் கொடுத்தால் என்ன? ஜேம்ஸ் பிரவுனின் ‘கிவ் இட் அப் ஆர் டர்னிட் அ லூஸ்’ பாட்டில், கை தட்டு, காலை உதை என்று அவர் கத்துகிற பிரேக்கில் தொடங்குவார். அங்கிருந்து இன்கிரெடிபிள் பாங்கோ பேண்டின் ‘பாங்கோ ராக்’ பிரேக்குக்குத் தாவுவார். அதிலிருந்து பேப் ரூத் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் ‘த மெக்சிகன்’. ஒரு பிரேக் முடியும் முன் அடுத்தது. இதற்கு மெரி-கோ-ரவுண்ட், அதாவது குடை ராட்டினம் என்று பெயர் வைத்தார். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்து, ஒன்றில் பிரேக் முடிவதற்குள் மற்றதில் அதே பிரேக்கின் தொடக்கத்தில் ஊசியை இறக்கி, சில வினாடியைப் பல நிமிஷமாக நீட்டவும் செய்தார். எல்லாம் கண் மதிப்பீட்டில்தான். கச்சிதமாகத் தாளம் விலகாமல் ஒட்டுவதற்குத் தட்டில் கிரேயானால் கோடு போட்டு வைத்து வேலை செய்ததெல்லாம் அவருக்குப் பின் வந்த கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ். ஹெர்க்கின் ஒட்டல் கரடுமுரடாகத்தான் இருந்தது. யாரும் புகார் செய்யவில்லை.

அந்தப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். ஜார்ஜியாவில் வளர்ந்த ஒரு கறுப்பினப் பாடகர், படத்துக்கு இசை சேர்க்கக் கூட்டி வந்த ஸ்டூடியோ வாத்தியக்காரர்கள், இங்கிலாந்து ராக் குழு. மூன்றுக்கும் பொதுவாக எதுவும் இல்லை, நடுவில் டிரம்ஸ் தனியாக நிற்கிறது என்பதைத் தவிர. பாட்டு யாருடையது என்பது ஆடுகிறவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் போட்டி டிஜேக்களுக்கு அது தங்கச் சுரங்கம், அதனால் ஹெர்க் தட்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து லேபிளைக் கிழித்துவிடுவாராம், எந்தத் தட்டு என்று எட்டிப் பார்ப்பவனுக்குத் தெரியக் கூடாது.

அப்படி பிரேக்குக்காகக் காத்திருந்து ஆடிய பையன்களை அவர் பிரேக்-பாய், சுருக்கி பி-பாய் என்று மைக்கில் கூப்பிட்டார். பெண்கள் பி-கேர்ள். தலையால் சுற்றுகிறவன், தரையில் புரள்கிறவன் என்றெல்லாம் அதற்குப் பொருளில்லை, அந்த நேரத்தில் ஆடுகிறவன் என்றுதான். அன்றைக்கு இருந்த ஆட்டத்தில் தலைச்சுற்றெல்லாம் கிடையவும் கிடையாது. கீத், கெவின் என்ற இரட்டையர் ஹெர்க்கின் பார்ட்டிகளில் பேர் போனவர்கள். அவர்கள் காலத்து ஆட்டம் பெரும்பாலும் நின்றபடிதான், ஜேம்ஸ் பிரவுனின் காலடிகள் ஏராளம், நடுவில் சட்டென்று ஒரு சரிவு, ஒரு எழல்.

பிரேக்குக்கு இன்னொரு பொருளும் பிராங்க்ஸ் தெருப்பேச்சில் இருந்தது. ஒருவர் கொதித்துப்போய், கட்டுக்குள் நிற்காமல் குதிப்பதை அங்கே பிரேக் ஆகிறான் என்பார்கள். ஹெர்க் இரண்டையும் சொல்லியிருக்கிறார். எது முதலில், எது சரி என்று இதை வைத்து வழக்காடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வழக்கு புரிவதில்லை. பாட்டின் பிரேக் வந்ததும் ஆள் பிரேக் ஆகிறான், இரண்டும் ஒரே வினாடியில் நடக்கிறது, யாருக்கு முதல் மரியாதை என்று எதற்குச் சண்டை?

போலீஸ் நிலையத்தில் ஓர் அரங்கேற்றம்

1970களின் பிற்பகுதியில் பிராங்க்ஸின் கறுப்பினப் பையன்களுக்கு இது பழைய மோஸ்தர் ஆகிவிட்டது. தங்களைவிடப் பெரியவர்கள் ஆடிய ஆட்டம் என்று விட்டுவிட்டார்கள். விட்டதைப் பிடித்துக்கொண்டவர்கள் புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளிப் பிள்ளைகள். 1977இல் ராக் ஸ்டெடி க்ரூ என்ற ஆட்டக்குழு தொடங்கியது. பிற்பாடு கிரேஸி லெக்ஸ் என்ற பையன் அதை மறுபடி உயிர்ப்பித்தான். ஆட்டம் தரைக்கு இறங்கியது அவர்கள் கையில்தான். புரூஸ் லீ படங்களின் உதை, புரூக்ளின் தெருக்களின் அப்ராக் என்ற மோதல் ஆட்டம், ஜிம்னாஸ்டிக்ஸ் என்று கையில் கிடைத்ததெல்லாம் உள்ளே போனது. இன்று ஒலிம்பிக்கில் பார்க்கிற முதுகுச்சுற்று, காற்றாலை, உறைநிலைகள் எல்லாம் இந்தக் காலத்தில் உருண்டு திரண்டவைதான்.

1980 ஜனவரியில் ஒரு சம்பவம். நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸ் சுரங்க ரயில் நிலையத்தில் கலவரம் என்று கேள்விப்பட்டு, நியூயார்க் போஸ்ட் பத்திரிகையின் புகைப்படக்காரர் மார்த்தா கூப்பர் போய்ப் பார்க்கிறார். அடிதடி என்று போலீஸ் ஒரு கூட்டம் பையன்களைப் பிடித்து வைத்திருக்கிறது. நாங்கள் சண்டை போடவில்லை, ஆடிக்கொண்டிருந்தோம் என்கிறார்கள் பையன்கள். ஒருவனை ஆடிக் காட்டச் சொல்கிறார்கள். அவன் தலைச்சுற்று, ஹெலிகாப்டர், பேபி என்று பெயர் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறான். போலீஸ்காரர் அதையெல்லாம் குறித்துக்கொண்டு, மற்ற பையன்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, தலைச்சுற்று சுற்று பார்க்கலாம், பேபி செய் பார்க்கலாம் என்று சோதிக்கிறார். ஒவ்வொருவனும் தடுமாறாமல் செய்து காட்டுகிறான். கடைசியில் போலீஸ் தலையைச் சொறிந்துகொள்கிறது. கூப்பர் இந்தக் கதையை நடன விமர்சகர் சாலி பேன்ஸிடம் கொண்டுபோக, 1981 ஏப்ரலில் வில்லேஜ் வாய்ஸ் வார இதழில் பேன்ஸ் எழுதிய கட்டுரைதான் இந்த ஆட்டத்தைப் பற்றி வெளியுலகுக்கு வந்த முதல் பெரிய எழுத்து.

உலகமே சிரித்துக்கொண்டு சொல்கிற கதை இது. எனக்கு இதில் ஒரு சின்ன உறுத்தல் உண்டு. போலீஸ் நிலையத்தில் பாட்டு இல்லை. டிஜே இல்லை, டிரம்ஸ் இல்லை, பிரேக் இல்லை. கைக்குறிப்பில் இருந்த பெயர்களின் வரிசைதான் இருந்தது: தலைச்சுற்று, ஹெலிகாப்டர், பேபி. வெளி உலகத்தின் முன் இந்த ஆட்டம் முதலில் நின்றது அப்படித்தான், இசை இல்லாமல், உடம்பு செய்கிற அதிசயங்களின் பட்டியலாக. அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் கேமராக்களும் விளம்பர நிறுவனங்களும் பார்த்ததும் அதைத்தான். 1981 ஆகஸ்டில் லிங்கன் சென்டர் வெளியரங்கில் ராக் ஸ்டெடி க்ரூவும் டைனமிக் ராக்கர்ஸும் மோதியதைப் படம்பிடிக்கக் கூட்டம் கூடியது. 1983இல் ‘ஃப்ளாஷ்டான்ஸ்’ படத்தில் ராக் ஸ்டெடி பையன்கள் ஒரு தெருக்காட்சியில் வந்தார்கள். அதே படத்தின் கடைசி நடனத்தில் கதாநாயகிக்குப் பதிலாக முதுகில் சுற்றியது சவுரி வைத்த கிரேஸி லெக்ஸ். பிரேக்கிங், பி-பாயிங் என்று உள்ளே இருந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்ததை வெளியே இருந்தவர்கள் பிரேக் டான்ஸ் ஆக்கியதும் இந்த வாக்கில்தான். பழைய பி-பாய்களுக்கு இன்றைக்கும் அந்தப் பெயர் ஆகாது.

ஃபிரெஸ்னோக்காரர்களின் கணக்கு

இப்போது சித்தப்பாவின் அலைக்கு வருகிறேன். அது பிராங்க்ஸிலிருந்து சுமார் நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி, அமெரிக்காவின் மறுகோடியில், கலிபோர்னியாவில் பிறந்தது. ஃபிரெஸ்னோ நகரில் 1970களில் சாம் சாலமன் என்ற இளைஞர், பூகலூ சாம் என்று பிற்பாடு பேர் வாங்கியவர், தசையைச் சட்டென்று இறுக்கி உடனே தளர்த்தி, உடம்பு ஒரு கணம் வெட்டுவது போல ஆடினார். ஒவ்வொரு வெட்டுக்கும் வாய்க்குள் ‘பாப்’ என்று சொல்லிக்கொள்வாராம். அதுவே பெயராகி, பாப்பிங் ஆனது. 1977இல் எலக்ட்ரிக் பூகலூஸ் குழுவைத் தொடங்கினார். அவர் தம்பி பாப்பின் பீட்டும் அதில் உண்டு. பிறகு லாங் பீச் நகருக்குக் குடிபெயர்ந்து, சோல் டிரெய்ன் தொலைக்காட்சி நிகழ்ச்சி வழியாக நாடு முழுக்கப் போனார்கள். அதற்கும் முன்பே லாஸ் ஏஞ்சலஸில் டான் கேம்பெல், நடனத்தின் நடுவே மூட்டுகள் பூட்டிக்கொண்டது போல நின்று நின்று ஆடி, லாக்கிங் என்ற பாணியை உருவாக்கியிருந்தார். இவர்கள் ஆடியது பெரும்பாலும் முழுப் பாட்டுக்கும் சேர்த்துத்தான். ஃபங்க் ஸ்டைல்ஸ் என்பது அவர்களே தங்கள் பாணிகளுக்கு வைத்துக்கொண்ட பொதுப்பெயர். பிரேக்குக்காகச் சுவரோரம் காத்திருக்கிற வழக்கம் அங்கே கிடையாது.

1984இல் ‘பிரேக்கின்’ என்று ஒரு ஹாலிவுட் படம் வந்தது. கதை நடப்பது லாஸ் ஏஞ்சலஸில். தெரு ஆட்டக்காரர்களாக ஆடிய முக்கிய நடிகர்கள் இருவர். ஷாபா-டூ, டான் கேம்பெல்லின் லாக்கர்ஸ் குழுவில் இருந்தவர். பூகலூ ஷ்ரிம்ப், பாப்பிங்கில் கரை கண்ட பையன். துடைப்பத்தை வைத்துக்கொண்டு கடை வாசலில் ஷ்ரிம்ப் ஆடுகிற காட்சியை இன்றும் மக்கள் தேடிப் பார்க்கிறார்கள். அதாவது ஒரு லாக்கரும் ஒரு பாப்பரும் நடித்த கலிபோர்னியாப் படத்துக்கு, பிராங்க்ஸ் ஆட்டத்தின் பெயர். ஏனென்றால் அந்த வருடம் விற்ற பெயர் அதுதான். கை மாறாட்டம் நடந்த இடம் என்று ஒரே ஓர் இடத்தைக் காட்டச் சொன்னால், நான் இந்தப் படத்தின் போஸ்டரைத்தான் காட்டுவேன். கலிபோர்னியாக்காரர்கள் அதிலிருந்து இன்றுவரை, நாங்கள் பிரேக்டான்சர்கள் இல்லை என்று ஒவ்வொரு பேட்டியிலும் சொல்லி மாய்கிறார்கள். பூகலூஸ் குழுவினரின் வருத்தம் எனக்கு நியாயமாகவே படுகிறது. பிராங்க்ஸ்காரர்களுக்காவது கெட்டுப்போன வடிவத்திலாவது சொந்தப் பெயர் உலகம் சுற்றியது. இவர்களுடைய ஆட்டம் உலகம் முழுக்கப் போனது, பெயர் மட்டும் போகவில்லை.

மைக்கேல் ஜாக்சன் கதையும் இதே ஊர்க்கதைதான். 1983இல் தொலைக்காட்சியில் அவர் பின்னோக்கி வழுக்கியதை உலகம் மூன்வாக் என்றது. கலிபோர்னியா நடனக்காரர்கள் அதை அதற்கு முன்பே பேக்ஸ்லைடு என்று ஆடிக்கொண்டிருந்தார்கள், அவர்களிடமிருந்துதான் அவர் கற்றார். நம்மூருக்கு வந்து சேர்ந்தது இந்த மேற்குக்கரைச் சரக்குதான், ஜாக்சனின் வீடியோக்கள் வழியாக. தரையில் தோய்ந்து புரள்கிற பிராங்க்ஸ் பாணி வரவில்லை. ஜாக்சனிடமிருந்து பிரபுதேவா எடுத்துக்கொண்டார், பிரபுதேவாவிடமிருந்து தமிழ்நாட்டில் பள்ளி ஆண்டு விழா நடக்கிற ஊர்களெல்லாம் எடுத்துக்கொண்டன. ஆட்டம் ஃபிரெஸ்னோவிலிருந்து, பெயர் பிராங்க்ஸிலிருந்து. இரண்டும் தனித்தனியே கப்பலேறி, மன்னார்குடியில் ஒன்றாக இறங்கியிருக்கின்றன. பொருட்காட்சியில் தட்டாமாலையாகச் சுற்றுகிற ஒரு ராட்டினத்துக்கும் நாம் பிரேக் டான்ஸ் என்றே சொல்கிறோம். அது ஒரு ஜெர்மன் நிறுவனம் 1980களில் வடிவமைத்த ராட்டினத்தின் பெயர், அதே அலையில் ஏறிக்கொண்டது. அதில் ஏறி இறங்கிக் குடல் வாய்க்கு வந்தவர்களுக்குப் பெயர் பொருத்தமாகத்தான் தோன்றியிருக்கும்.

பாரிஸில் கேட்டது

பாரிஸுக்கு வருவோம். ஜப்பானின் அமி தங்கம், லிதுவேனியாவின் நிக்கா வெள்ளி, சீனாவின் 671 (ஆம், அதுதான் அவர் ஆட்டப்பெயர்) வெண்கலம். நாலாவதாக வந்த நெதர்லாந்துப் பெண்ணின் பெயர் இந்தியா, அதைக் கேட்டு எங்கள் வீட்டில் ஒரு நிமிஷம் குழப்பமே வந்தது. மறுநாள் ஆண்கள் பிரிவில் கனடாவின் ஃபில் விஸார்டு. ஆனால் உலகத்துக்கு ஞாபகம் இருப்பது ஆஸ்திரேலியாவின் ரேகன்தான், கங்காரு போலத் துள்ளி, மூன்று மோதலிலும் தோற்று, சைபர் வாங்கியவர். அந்தச் சைபரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜிம்னாஸ்டிக்ஸ் போல ஆட்டத்துக்கு மதிப்பெண் போட்டு வந்த சைபர் இல்லை அது. நடுவர்கள் ஒன்பது பேர், ஒவ்வொரு சுற்றிலும் இருவரில் யார் மேல் என்று ஓட்டுப் போடுகிறார்கள். இரண்டு சுற்றுக்குப் பதினெட்டு ஓட்டு, மூன்று மோதலுக்கு ஐம்பத்து நாலு. அதில் ஒன்றுகூட அவருக்கு விழவில்லை, அவ்வளவுதான். அவரால்தான் 2028 லாஸ் ஏஞ்சலஸில் பிரேக்கிங்கை எடுத்துவிட்டார்கள் என்று சுற்றிய மீம்களும் தப்பு. அந்த ஒலிம்பிக்கின் கூடுதல் விளையாட்டுப் பட்டியல் 2023 அக்டோபரிலேயே முடிவாகிவிட்டது, அதில் பிரேக்கிங் இல்லை. 1984இல் அதே நகரத்து ஒலிம்பிக் நிறைவு விழாவில் லயனல் ரிச்சி பாட, சுமார் 200 பேர் இதே பெயரில் ஆடியிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

நடுவர்கள் பார்ப்பது ஐந்து விஷயங்கள்: நுட்பம், அசைவுகளின் கையிருப்பு, செய்து முடிக்கிற நேர்த்தி, இசையோடு இணைவது, தனித்தன்மை. ஐந்துக்கும் சம எடை. ஒலிம்பிக் குழுவின் கட்டத்துக்குள் அடைக்கும்போது இசைக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று வந்திருக்கிறது, செட்ஜ்விக் அவென்யூவில் கேட்டிருந்தால் வேறு கணக்கு சொல்லியிருப்பார்கள். ஆனாலும் ஒரு விஷயத்தை பாரிஸில் மாற்றவில்லை, அதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் பாட்டைப் போட்டியாளர் தேர்ந்தெடுப்பார், மாதக்கணக்கில் அதற்கே ஒத்திகை பார்ப்பார். இங்கே பாட்டை எடுப்பது டிஜே. வளையத்துக்குள் நிற்கிறவருக்கு எது வரப்போகிறது என்று தெரியாது. அமெரிக்காவின் டிஜே ஃப்ளெக், போலந்தின் டிஜே ப்ளாஷ் ஒன், இருவரும் மேடையில் உட்கார்ந்து அங்கேயே முடிவு செய்தார்கள்.

அதனால் ஆட்டத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். நேராகத் தரைக்குப் போகிறவர்கள் குறைவு. முதலில் நின்றபடி டாப்ராக் ஆடுகிறார்கள். டிவியில் பார்க்கும்போது அது சும்மா நேரம் கடத்துவது போலத் தோன்றும். தாளத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், எங்கே கனமாக விழுகிறது, எங்கே ஓட்டை விடுகிறது என்று அளந்துகொண்டிருக்கிறார்கள். அதன் பிறகு இறங்கிச் சுழன்று, டிரம்ஸ் ஓர் அடியில் வெட்டும்போது அதே அடியில் உடம்பு உறைகிறது. அடிக்கு அரை வினாடி தள்ளி உறைந்தால் உறைநிலை எவ்வளவு கடினமானதாக இருந்தாலும் கூட்டம் அசையாது. சரியாக விழுந்தால் சாதாரண நிலைக்கே அரங்கம் எழுந்து கத்துகிறது. நாங்கள் பார்த்த ஒளிபரப்பில் வர்ணனையாளர்கள் இந்த நேரத்தில்தான் போட்டியாளரின் வயதையும் பயிற்சியாளர் பெயரையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், டிரம்ஸ் அவர்கள் குரலுக்கு அடியில் எங்கோ கிடந்தது. வர்ணனை இல்லாமல் அரங்க ஒலியோடு மட்டும் இருக்கிற பதிவு கிடைத்தால், முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு அந்த டிரம்ஸை மட்டும் கேளுங்கள். இரண்டாவது தடவை பாருங்கள்.